எந்தக் கம்பைலரில் பில்ட் ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள்

சோர்ஸ் கோடை மட்டும் வெளியிட்டு, மிச்சத்தை எங்கள் கையில் விடும் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் இதைச் சம்பளமே இல்லாமல்தான் செய்கிறீர்கள், அதனால் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ரீட்மீயில் "சி++ கம்பைலர் (சோர்ஸ் கோடை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) தேவை" என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது போதாது. எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு?

பரவலாகப் புழங்கும் ஜிசிசி (GCC) கம்பைலர் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பழைய சலுகை போய்விடுகிறது. 2020-ல் வந்த ஜிசிசி 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சி கோடின் தலைப்புக் கோப்பில் எக்ஸ்டர்ன் ("இது வேறிடத்தில் இருக்கிறது" என்னும் குறிச்சொல்) போடாமல் அறிவித்த குளோபல் மாறிகளை அதுவரை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிக்கொண்டிருந்தது, அந்தப் பதிப்பிலிருந்து "மல்டிபிள் டெஃபினிஷன்" என்று கொட்டுகிறது. 11-ல் சி++17 இயல்புநிலை ஆனதும், ஃபங்ஷன் தலைப்பில் த்ரோ பட்டியல் (எந்தெந்தப் பிழைகளை எறியும் என்ற பட்டியல்) போட்டிருந்த பழைய கோட் எல்லாம் விழுந்தது. 13-ல் நூலகத் தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று இழுத்து வருவது குறைந்ததால், சிஸ்டிடின்ட் (cstdint) கோப்பைச் சேர்க்க மறந்திருந்த இடங்களிலெல்லாம் அதில் வரும் யூஇன்ட்32_டி (uint32_t) என்ற எண் வகை யாரென்றே தெரியாது என்கிறது. 15-ல் சி மொழிக்கு சி23 தரம் இயல்புநிலை, அதில் பூல் (bool) ஒரு கீவேர்டு, நீங்கள் என்றோ சொந்தமாக டைப்டெஃப் செய்து வைத்த பூல் உடைகிறது. உங்கள் கோடில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் பிழைச்செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தன் கணினியில் கோளாறா, உங்கள் கோடில் கோளாறா என்று எப்படித் தெரியும்?

இவையாவது சத்தம் போட்டு விழுகின்றன. பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சங்கதி இதைவிட மோசம். அது சின்னச் சின்ன நிரல்களை கம்பைல் செய்துபார்த்துத்தான் உங்கள் கணினியில் எந்த வசதி இருக்கிறது, எது இல்லை என்று முடிவு செய்கிறது. அந்தச் சோதனை நிரல்களில் பலவும் தேவையான தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் எக்ஸிட்டை அழைப்பவை, மெயினுக்கு முன்னால் இன்ட் போடாதவை. ஜிசிசி 13 வரை இதற்கெல்லாம் ஒரு எச்சரிக்கையோடு சரி, 14-ல் நேராகப் பிழை. சோதனை கம்பைல் ஆகாததால் கான்ஃபிகர் "இந்த வசதி இல்லை" என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடும், பில்டும் முடிந்துவிடும், அப்புறம் ஓடும்போது ஏதோ ஒரு அம்சம் காணாமல் போயிருக்கும். கான்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்து அந்தச் சோதனை ஏன் தோற்றது என்று வரிவரியாகப் படித்தால்தான் பிடிபடும், அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்தது டபிள்யூ-எரர் (-Werror), எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக்கி பில்டை நிறுத்தும் கம்பைலர் ஆப்ஷன். நீங்கள் எழுதும்போது அது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. வெளியீட்டுத் தொகுப்பிலும் அதை விட்டுவைப்பதுதான் வினை. அடுத்த ஆண்டு கம்பைலர் புதிதாகக் கண்டுபிடிக்கப்போகும் எச்சரிக்கை எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, ஆனால் அன்றைக்கு பில்ட் நிற்கப்போவது எங்களுக்குத்தான். உங்கள் பில்ட் கோப்பில் அதை டெவலப்பர்களுக்கு மட்டுமான ஒரு ஆப்ஷனாக வையுங்கள்.

புகார் போட்டால் "பழைய கம்பைலரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில் வருகிறது. சொல்வது சுலபம். கணினியில் இருக்கும் மற்ற சி++ நூலகங்கள் புதிய கம்பைலரில் கட்டப்பட்டவை, பழையதை வைத்து அவற்றோடு லிங்க் செய்யப்போனால் ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் (ஜிசிசியின் சி++ நூலகம், GLIBCXX) பதிப்பு இல்லை என்று வேறொரு சுவர். ஜிசிசி 5-ல் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பு மாறியதால், பழைய ஏபிஐயில் (ABI, கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று பேசும் முறை) கட்டிய நூலகம் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டாலும் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வரும். அந்த வரியில் சிஎக்ஸ்எக்ஸ்11 என்று தெரிந்தால் அனுபவப்பட்டவர் காரணத்தை ஊகித்துவிடுவார், புதியவர் நூலகம் நிறுவப்படவே இல்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்.

நான் கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் "ஜிசிசி இத்தனையிலும் கிளாங் (இன்னொரு கம்பைலர்) இத்தனையிலும் பில்ட் செய்து பார்த்தோம்" என்று ஒரு வரி. கோட் எந்த சி அல்லது சி++ தரத்துக்கு எழுதப்பட்டதோ அதை பில்ட் கோப்பிலேயே எஸ்டிடி (-std) ஃப்ளாகால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கம்பைலரின் இயல்புநிலையை நம்பவேண்டாம். இது ஒன்றைச் செய்திருந்தாலே 11-லும் 15-லும் உடைந்தவற்றில் பெரும்பகுதி உடைந்திருக்காது. ஜிசிசி ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் எதெல்லாம் உடையும், எப்படிச் சரிசெய்வது என்று தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிடுகிறது, புதுப் பதிப்பு வரும்போது அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோடைத் திருத்த நேரமில்லையென்றால் தற்காலிக வழியையாவது எழுதி வையுங்கள், 10-க்கு எஃப்காமன் (-fcommon), 14-க்கு எஃப்பெர்மிசிவ் (-fpermissive) ஆப்ஷன் என்பதுபோல.

பராமரிப்பதையே நிறுத்திவிட்டீர்களா? அதையும் ரீட்மீயின் முதல் வரியில் போட்டுவிடுங்கள். டெபியன், ஃபெடோரா, ஜென்டூ போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் ஆட்கள் பெரும்பாலும் ஒரு பேட்ச் (திருத்தம்) போட்டு வைத்திருப்பார்கள், நாங்கள் நேராக அங்கே போய்த் தேடிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும் ஒரு பயனர்