பந்தலைத் தூக்கி நிறுத்திய பழனி பக்தருக்கு நன்றி

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு தாராபுரம் ரோட்டில் பழனிக்கு நடந்துகொண்டிருந்த, பச்சை வேட்டி கட்டிய அண்ணனுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

முந்தின ராத்திரி அடித்த காற்றில் எங்கள் பாகல் பந்தலின் மூலைக் கல்லுக்கால் சாய்ந்துவிட்டது. தையில் விதை ஊன்றிய கொடி, அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நானும் அத்தையும் கல்லைத் தூக்கப் பார்த்தோம், அசையவில்லை. பிள்ளை வேறு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் தீர்த்தச் செம்பை வேப்ப மரத்துக் கிளையில் பத்திரமாகத் தொங்கவிட்டு, "அம்மிணி, கடப்பாரை இருக்குதா?" என்று கேட்டபடி வரப்பில் இறங்கினீர்கள். கல்லை வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நட்டீர்கள். அப்போதுதான் கம்பியின் இழுவையைத் தாங்குமாம். பிறகு இழுகம்பியை ஒரு பாறாங்கல்லில் சுற்றி இரண்டடி ஆழத்தில் புதைத்து, மேலே மண் போட்டு மிதித்தீர்கள். செருப்பில்லாத கால், உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்ததும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

காசு வேண்டாம் என்றீர்கள். சரி, ஒரு சொம்பு மோராவது குடித்தீர்களே.

அப்புறம் இரண்டு கோடை மழை வந்துவிட்டது. அந்தக் கல்லுக்கால் அசையவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறிக்கிறோம். ரொம்ப நன்றி அண்ணா. அடுத்த பங்குனிக்கும் இந்த வழியாகத்தானே வருவீர்கள்? வாசலில் மோர்ப்பானை இருக்கும்.