பட்டறையை யாரிடம் கொடுப்பது?

மன்ரோ, லூசியானா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாதசுரப் பட்டறையை மூத்தவனிடம் விடுவதா, இளையவனிடமா என்று கேட்டிருந்தாய். சட்டென்று பதில் எழுத மனம் துணியவில்லை. போன சனிக்கிழமை மகள் என்னை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள வெஸ்ட் மன்ரோவுக்கு அழைத்துப் போனாள். அங்கே ராபர்ட்சன் குடும்பத்தாரின் 'டக் கமாண்டர்' கடையில் நின்றபோது உன் கேள்விதான் மனதில் ஓடியது.

வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஊதும் குழல்தான் அவர்கள் தொழிலின் வேர். பெட்டை வாத்து கூப்பிடுவதுபோல் ஊதினால், மேலே போகிற கூட்டம் வட்டமடித்து நீரில் இறங்கும். குழலுக்குள் மெல்லிய நாக்குகள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. நாக்கு ஒன்றில் சின்னஞ்சிறு புடைப்பு இருக்கிறது. எச்சில் பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் அதுதான் காக்கிறது. பார்த்ததுமே நீ நாதசுரத்தின் ஊதுவாயான சீவாளியை நாவில் நனைத்துப் பதம் பார்ப்பது கண்முன் வந்தது.

1972இல் இதை உருவாக்கியவர் பில் ராபர்ட்சன். அதன்பின் சில ஆண்டுகளில் குடி முற்றி, மனைவி கேயையும் மூன்று பிள்ளைகளையும் வீட்டைவிட்டே துரத்தினார். திருந்தி வந்தவரை அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டார். வாஷிட்டா ஆற்று மீனை விற்றுப் பிழைத்துக்கொண்டேதான் குழல் வியாபாரத்தை வளர்த்தார்கள். அன்று அந்த அம்மாள் கதவைச் சாத்தியிருந்தால் இன்று கடையும் இல்லை, குடும்பமும் இல்லை.

பிறகு நான்காவது மகனும் பிறந்தான். மூத்தவர் ஆலன் போதகரானார். நிர்வாகம் மூன்றாமவர் வில்லியிடம் போனது. குழல் செய்யும் வேலை இரண்டாமவர் ஜேஸின் பொறுப்பு. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சித்தப்பா சை, குழலுக்கான நாக்குகளை வெட்ட உட்கார்ந்தார். 2012 முதல் 2017 வரை இவர்கள் வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராக ஓடியது. 2013 ஆகஸ்டில் ஒரே இரவில் 1 கோடியே 18 லட்சம் பேர் பார்த்தார்களாம். அந்த ஆண்டுக் கடைசியில் ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றிப் பில் பேசியது பெரிய சர்ச்சையானது. அந்தப் பேச்சு எனக்குச் சிறிதும் ஏற்புடையதல்ல. ஆனால் தொலைக்காட்சி அவரை விலக்கியபோது, அவரின்றித் தொடரமுடியாது என்று குடும்பம் மொத்தமும் நின்றது. 2025 மே மாதம், 79 வயதில் அவர் காலமானார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சுருதி கேட்கிற காது இளையவனுக்குத்தான் இருக்கிறது. உளியை அவனிடம் கொடு. நாலு பேரிடம் பேசிக் கணக்கை நேர்செய்வதில் மூத்தவன் கெட்டிக்காரன். கடையை அவன் பார்க்கட்டும். இருவரையும் ஒரே நாளில், உன் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரவைத்துச் சொல். தனித்தனியே சொல்லாதே.

நாதசுரம் செய்யப் பழைய வீட்டு ஆச்சா மர உத்தரம் ஒன்று விலைக்கு வருவதாக எழுதியிருந்தாயே, கிடைத்ததா? தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். உனக்காக ஒரு வாத்துக் குழல் வாங்கி வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்து, நாக்கு எப்படி என்று நீதான் சொல்லவேண்டும்.

உன் பழைய தோழன்