பியூனஸ் அயர்ஸில் கறி நன்றாக இல்லை என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை இரவு நீ அனுப்பிய செய்தியை மூன்று தடவை படித்தேன். "அண்ணே, இதையா இத்தனை வருஷமா புகழ்ந்தீங்க? உப்பு மட்டும் போட்ட ரப்பர். எங்க அம்மா வைக்கிற கறியில கால்வாசி ருசிகூட இல்ல" என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அர்ஜென்டினாவில் நான்கு வருஷம் சோறு போட்ட ஊர் அது எனக்கு.

எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன கேட்டாய் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு நீ அனுப்பிய பதிலில்தான் விஷயம் புரிந்தது. கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, வாசலில் மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கூப்பிட்டவரோடு உள்ளே போயிருக்கிறாய். மணி ஏழு. இருப்பதிலேயே விலை கூடிய லோமோ என்ற மாட்டுக்கறித் துண்டைக் கேட்டு, நன்றாக வேகட்டும் என்றும் சொல்லியிருக்கிறாய். இதையெல்லாம் நீ விமானம் ஏறுவதற்கு முன்பே நான் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். இன்னும் இரண்டரை மாதம் அங்கேதானே இருக்கப்போகிறாய்.

முதலில் நேரம். ஏழு மணிக்கு அந்த ஊரில் யாரும் இரவுச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. பெரும்பாலான கடைகள் எட்டு மணிக்குத்தான் திறக்கும், ஊர்க்காரர்கள் வந்து உட்கார ஒன்பதரை, பத்து ஆகிவிடும். கறி சுடும் கடையை அங்கே பரீஷா என்பார்கள். எழுத்தில் வேறு மாதிரி இருக்கும், ஆனால் பியூனஸ் அயர்ஸ்காரர்கள் வாயில் அது 'ஷா' என்றுதான் வரும். பரீஷாவில் எல்லாமே தணலை நம்பி நடக்கிற வேலை. தணல் பழுக்காத நேரத்தில் போய் உட்கார்ந்தால் நல்ல கறி எப்படிக் கிடைக்கும்?

நான் அந்த ஊரின் பொயேதோ பகுதியில் குடியிருந்தபோது தெருமுனையில் ஒரு பரீஷா இருந்தது. பன்னிரண்டு மேசை இருக்கும். சுவரில் சான் லொரென்சோ கால்பந்து அணியின் கொடி, மூலையில் சத்தமாக ஓடும் டிவி. அடுப்பு பார்க்க வசதியாக உள்ளே போனதும் இடப்பக்கமே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றரைக்கே போய் அந்த அடுப்புக்காரர் பக்கத்தில் நின்றுகொள்வேன். அறுபது வயது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அடுப்பின் ஒரு ஓரத்தில் இரும்புக் கூடை மாதிரி ஒன்று இருக்கும், விறகு அதில்தான் எரியும். கெப்ராச்சோ என்ற மரம், கல் மாதிரி கனம். அது எரிந்து கங்குகளாகக் கீழே உதிரும். அந்தக் கங்கைச் சின்ன மண்வெட்டியால் வாரி, கம்பித் தட்டுக்கு அடியில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பரப்புவார். தீ நாக்கு கறியைத் தொடவே கூடாது. பரப்பியதும் கம்பிக்கு மேலே உள்ளங்கையை நீட்டி மனசுக்குள் எண்ணுவார். சீக்கிரம் கையை இழுக்க வேண்டி வந்தால் தட்டை ஒரு சக்கரத்தைச் சுற்றி மேலே ஏற்றுவார். கை தாங்கினால் இன்னும் ஒரு வாரு கங்கு.

கறிமேல் போடுவது உப்பு மட்டும். நம் மேசை உப்பைவிடப் பருமன், கல்லுப்பைவிடப் பொடி. விலா எலும்புத் துண்டுகளை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, முக்கால் நேரம் அப்படியே விட்டுவிடுவார். எலும்பு சூடேறி, அந்தச் சூடு மெதுவாக மேலே சதைக்குப் போகும். கொழுப்பு உருகி ஒரு சொட்டு கங்கில் விழும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு புகை. அந்தப் புகைதான் தம்பி அவர்கள் மசாலா. கடைசியில் ஒரே ஒரு தடவை திருப்புவார். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அசாதோ என்று சொந்தபந்தம் கூடி இப்படிச் சுட்டுச் சாப்பிடுவார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர், சுட்டவருக்குக் கைதட்டுங்கள் என்பார், மேசை முழுக்கக் கைதட்டும். நான் போன எந்த வீட்டிலும் அது தவறியதே இல்லை.

சரி, லோமோவுக்கு வருகிறேன். லோமோ முதுகெலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தசை. மாட்டுக்கு அதனால் பெரிய வேலை கிடையாது. அதனால் மெத்தென்று இருக்கும், கொழுப்பு குறைவு, ருசியும் குறைவு. கறிக்கடையில் உன் அப்பா, என் சித்தப்பா, தொடைக்கறியைத் தள்ளிவிட்டு நெஞ்செலும்பு கேட்டு வாங்குவாரே, அதே கணக்குதான் இங்கேயும். விலையைப் பார்த்துக் கேட்காதே. என்த்ரானியா கேள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நீளத் தசை அது. ஒரு பக்கம் சவ்வு அப்பளம் மாதிரி முறுகியிருக்கும், உள்ளே சாறு நிற்கும், மாட்டுக்கறியின் மணம் அதில்தான் முழுசாகத் தெரியும். அடுத்த தடவை வாசியோ. அது வயிற்றோரத் துண்டு, மேலே கொழுப்பும் சவ்வும் போர்த்தியபடியே மெதுவாகச் சுடுவார்கள். அசாதோ தெ திரா என்றால் நான் மேலே சொன்ன விலா எலும்பு. ஸ்டேக் மாதிரிக் கெட்டியான துண்டுதான் வேண்டும் என்றால் பிஃபே தெ சொரீசோ. பெயரைப் பார்த்து மயங்காதே, சொரீசோ என்றால் சாசேஜ், ஆனால் இது சாசேஜ் இல்லை. முதுகோரத்து நல்ல தடித் துண்டு, ஓரத்தில் ஒரு விரல் கொழுப்போடு வரும். அந்தக் கொழுப்பை வெட்டி ஒதுக்காதே.

வேக்காட்டுக்கும் அங்கே தனிச் சொற்கள் உண்டு. ஹுகோசோ என்றால் சாறோடு, அ புந்தோ என்றால் நடுத்தரம், பியென் கொசீதோ என்றால் நன்றாக வெந்தது. ஆனால் அர்ஜென்டினாக்காரர்களில் நிறையப் பேருக்கு முழுசாக வெந்த கறிதான் பிடிக்கும். அதனால் அ புந்தோ என்று சொன்னாலே பல கடைகளில் நடுவில் சாம்பல் நிறம் தட்டித்தான் வரும். நீ ஹுகோசோ என்று சொல். தட்டில் சிவப்பாக நிற்பது ரத்தம் என்று பயந்திருக்கிறாய். அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். நன்றாக வேகவை என்று சொல்லி அதை வற்ற விட்டால் மிஞ்சுவதுதான் நீ சொன்ன ரப்பர். வாசியோவும் விலா எலும்பும் மட்டும் வேறு, அவை நின்று வேக வேண்டியவை.

உன் அம்மா, என் சித்தி, வைக்கிற கறியோடு நீ ஒப்பிட்டதை நான் குறை சொல்லமாட்டேன். மரச்சீனிக் கிழங்கோடு அந்தக் கறியைச் சாப்பிட்டு வளர்ந்தவன்தானே நானும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நம் ஊரில் கறிக்கு வருவது பெரும்பாலும் வயசான மாடு, எருமை. உழைத்து முறுக்கேறிய தசை. அதற்குக் குக்கர் வேண்டும், மிளகு, மல்லி, தேங்காய்க் கொத்து எல்லாம் வேண்டும், நேரம் வேண்டும். சித்தி கை அந்தக் கறிக்குப் பழகிய கை. அங்கே வெட்டுவது இரண்டு வயதை ஒட்டிய இளம் மாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த ஆங்கஸ், ஹெரிஃபோர்ட் இனங்கள், பாம்பாஸ் சமவெளியில் பெருகியவை. இதற்கு மிளகாய்ப் பொடியைப் போட்டால் அதன் மணம்தான் மூடிப்போகும். மேசையில் இருக்கும் சிமிசுர்ரியைக்கூட நல்ல துண்டுக்குப் பலர் தொடமாட்டார்கள். பார்ஸ்லி, பூண்டு, ஒரேகானோ, வினிகர் கலந்த அந்தச் சாறு சாசேஜ் வைத்த ரொட்டிக்குத்தான் சரியான ஜோடி.

அப்புறம் உன் இரண்டாவது குற்றச்சாட்டு. "உலகத்திலேயே சிறந்த மாட்டுக்கறி என்பதெல்லாம் பழைய கதை" என்று ஆபீஸில் அந்த ஊர்க்காரரே ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். இதில் உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டேன். புல் மட்டும் மேய்ந்து வளர்ந்த மாடு என்ற படத்தைத்தான் உலகம் மனசில் வைத்திருக்கிறது. ஆனால் 1996-ல் மரபணு மாற்றிய சோயாவுக்கு அனுமதி வந்த பிறகு, நல்ல மேய்ச்சல் நிலம் நிறையச் சோயா வயலாக மாறியது. மாடுகள் பட்டிக்குள் போயின. இன்று உள்ளூரில் விற்கிற மாட்டில் பெரும்பங்கு கடைசி சில மாதங்களைப் பட்டியில் சோளம் தின்று கழித்ததுதான். 2006-ல் உள்ளூர் விலையைக் கட்டுப்படுத்த மாட்டுக்கறி ஏற்றுமதியை 180 நாள் நிறுத்தினார்கள், அதன் பிறகும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. லாபம் இல்லை என்று பண்ணைக்காரர்கள் பசுக்களையே வெட்டுக்கு அனுப்பினார்கள். 2008, 2009-ல் பெரிய வறட்சி வேறு. சில வருஷத்தில் ஏறக்குறைய ஒரு கோடி மாடு குறைந்துபோனது. 1950களில் ஓர் ஆள் வருஷத்துக்கு 100 கிலோவை ஒட்டி மாட்டுக்கறி சாப்பிட்ட நாடு, இப்போது அதில் பாதிக்கு வந்து நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு 300 முதல் 400 கிலோ எடையுள்ள சின்ன மாடுதான் பிடிக்கும், கறி மெத்தென்று இருக்கும் என்பார்கள். பெரிதாக வளர்ந்து ருசி ஏறிய காளைகள் பெரும்பாலும் கப்பல் ஏறிவிடும். ஹில்டன் ஒதுக்கீடு என்று ஐரோப்பாவுக்கு வருஷத்துக்குச் சுமார் 29,000 டன் போகிறது, பால்குடி மறந்ததிலிருந்து புல் மட்டுமே மேய்ந்திருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. அந்தக் கறி அந்த ஊர்த் தெருமுனைக்கு வருவதில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதனால் அர்ஜென்டினாக் கறி விழுந்துவிட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். கறியின் தரம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், கங்கைப் பரப்புகிற கை இறங்கவில்லை. உள்ளங்கையை நீட்டி எண்ணுகிற அந்தப் பெரியவர் பட்டியில் வளர்ந்த மாட்டிலிருந்தும், உன்னைக் கண்ணை மூட வைக்கிற ஒரு துண்டை எடுத்துத் தருவார்.

நல்ல கடையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. வாசலில் நின்று கூப்பிடுகிறவர் இருந்தால் தாண்டிப் போய்விடு. அடுப்பு கண்ணில் படுகிறதா, கூடையில் விறகோ கரியோ எரிகிறதா என்று பார். மதியம் டாக்ஸிக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் கடைக்குத் தயங்காமல் போ. பலர்மோவில் இருக்கும் தொன் ஹூலியோ பரீஷாவுக்கு 2023-ல் மிஷலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது. வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட வைன் பாட்டில்கள் சுவரெல்லாம் அடுக்கியிருக்கும். முன்பதிவு கிடைத்தால் ஒரு தடவை போய்வா, ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. பில்லில் கூபியெர்த்தோ என்று ஒரு தொகை இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்குமானது, ஏமாற்று இல்லை. டிப்ஸ் பத்து சதவீதம் தனியாக வைக்க வேண்டும்.

கறி வருவதற்கு முன் மொஷேஹாஸ் கேட்க மறக்காதே. கன்றின் கழுத்தடிச் சுரப்பி. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய், மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். சின்சுலின் என்பது சிறுகுடல். குடல் குழம்புக்குச் சண்டை போட்ட வீட்டில் வளர்ந்தவன் நீ, அதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றச் சாப்பாட்டைப் பற்றி நீ சொன்னது பாதி சரி. காரம் கிடையாது, காய்கறி குறைவு, எங்கே போனாலும் மிலனேசா என்ற ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த கறி, பாஸ்தா, பீட்ஸா. ஒரு மாதத்தில் அலுத்துவிடும், எனக்கும் அலுத்தது. இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கில் வந்து குடியேறியவர்கள் ஊர் அது. ஆனாலும் கொரியென்தெஸ் சாலையில் 1932 முதல் இருக்கும் குவெரின் பீட்ஸாக் கடையில் நின்றபடியே ஒரு துண்டு ஃபுகஸேத்தா பீட்ஸா சாப்பிட்டுப் பார். சீஸும் வெங்காயமும் மட்டும்தான், ஆனால் கை வைத்தால் நிறுத்தமாட்டாய். காரசாரமாக வேண்டும் என்றால் வடமேற்கு மாகாணங்களான சால்தா, துகுமான் பக்கத்துக்காரர்கள் நடத்தும் கடையைத் தேடு. உள்ளே கறி வைத்து மடித்த எம்பனாதாவுக்குக் காரச் சட்னி தருவார்கள், சோளமும் பூசணியும் கறியும் போட்ட லோக்ரோ என்ற குழம்பு கிடைக்கும். வீட்டு ஞாபகம் வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பொயேதோ போ மக்களே. முகவரி தனியாக அனுப்புகிறேன். ஒன்றரை மணிக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு உட்கார். அந்தப் பெரியவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார், போன மாதம்கூட விசாரித்தேன். என்த்ரானியா, ஹுகோசோ, இந்த இரண்டு சொல் போதும். முதல் துண்டை வெட்டியதும், வெட்டிய பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்