மோட்டார் பரணில் இருக்கட்டும்: தரங்கம்பாடியில் பக்கி ஓட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சீர்காழியிலிருந்து நீங்கள் அனுப்பிய படம் வந்தது. ஜப்பான் டாமியாவின் ஹாலிடே பக்கி கிட், நாமே கட்டி ரிமோட்டில் ஓட்டும் சின்ன மணல் கார்; பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், கிட்டில் வருவதைவிட வேகமானது. கட்டி முடித்ததும் அதை மாட்டித் தரங்கம்பாடிக் கடற்கரையில் விடப்போவதாக எழுதியிருந்தீர்கள். அந்த மோட்டாரை எடுத்துப் பரணில் வையுங்கள். கடற்கரையில் வண்டியைக் கெடுப்பது வேகக் குறைவு இல்லை, மணலும் உப்பும்தான். கிட்டோடு வரும் 540 அளவு சாதாரண பிரஷ் மோட்டாருக்கே மணலில் வேலை அதிகம்.

1979-இல் டாமியா சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற மணல் பக்கியை வெளியிட்டபோது ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்குவது), சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்), பேட்டரி எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரு பெட்டிக்குள் அடைத்தே கொடுத்தார்கள். 2010-இல் மறுபடி வந்தபோதும் அந்தப் பெட்டி இருந்தது. உங்கள் கிட்டின் டிடி-02 (DT-02) சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், கியர்பாக்ஸ் மட்டும்தான் மூடியது. மற்றதெல்லாம் திறந்த தொட்டி. அந்தப் பெட்டி செய்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் திருப்புளி. ஜப்பான் கிட்டின் ஸ்க்ரூத் தலைகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தர அளவுக்கு வெட்டியவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, நழுவி நழுவித் தலையைச் சிதைத்துவிடும். 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்களுக்கு ஜே.ஐ.எஸ். 2-ஆம் எண் ஒன்று வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்'கென்று இறங்கும். அதன் பிறகு வலப்பக்கம் முடுக்குங்கள். இதைச் செய்யாமல் ஐந்தாறு முறை கழற்றி மாட்டினால் துளை வழுக்கிப்போகும். அந்த இடத்தில் பிறகு ஸ்க்ரூ நிற்காது. ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசையை இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

அடுத்தது பேரிங். கிட்டில் சக்கரத்துக்கும் கியருக்கும் வரும் புஷ்களை (குண்டு இல்லாத வெறும் வளையங்கள்) அப்படியே போட்டால், மணல் நுழைந்து இரண்டு மூன்று ஓட்டத்திலேயே ஆக்ஸிலைத் தேய்த்துவிடும். கையேட்டைப் புரட்டிப் புஷ் எத்தனை என்று எண்ணி, கட்டும்போதே பேரிங்காக மாற்றுங்கள். பெரும்பாலும் 1150 அளவு, அதாவது வெளிவிட்டம் 11, உள்விட்டம் 5 மில்லிமீட்டர். கடையில் 'ரப்பர் சீல்' என்று சொல்லிக் கேளுங்கள். தகடு மூடியது கொஞ்சம் லேசாகச் சுழலும், ஆனால் அந்த இடுக்கில் பொடிமணல் போகும்.

கிரீஸில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கியர்பாக்ஸுக்குள் தாராளமாகப் போடுங்கள். இரண்டு பாதியும் சேரும் விளிம்பிலும் மெல்லிசாகத் தடவினால் அதுவே வாஷர் போல நின்று தூசியைத் தடுக்கும். வெளியில் இருக்கும் எதற்கும், சஸ்பென்ஷன் ஆர்ம், பால் ஜாயின்ட், டாக்போன் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முனை எதற்கும், எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். காய்ந்த மூட்டில் விழுந்த மணல் தானாகவே உதிர்ந்துவிடும்.

சர்வோவை மாட்டும் முன் ரிமோட்டையும் ரிசீவரையும் ஆன் செய்து, நடுவைச் சரிசெய்யும் டிரிம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நடுவில் நின்ற பிறகே சர்வோ சேவரை (அடி பட்டால் சர்வோவைக் காக்கும் கை) போடுங்கள். ரிசீவரைத் திருவிழாக் கடைப் பலூனுக்குள் நுழைத்து வாயை டேக்கால் கட்டலாம். நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே வேர்க்கும் என்பதால் ஓட்டி முடித்த அன்றே பிரித்துவிட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் நுனியில் சுமார் 31 மில்லிமீட்டர் உறையில்லாமல் இருக்கும். சிக்னலை வாங்குவதே அந்தத் துண்டுதான். நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள்.

இனி மணல். அலை ஒதுங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு பார்த்திருப்பீர்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதன் மேல் இழுத்துப் பாருங்கள், கறுப்புப் பொடி மயிர் மயிராக நிற்கும். அது மேக்னடைட், இரும்புத் தாது. 540 மோட்டாரின் உடம்பில் காற்றுக்கென்று விட்ட ஓட்டைகள் உண்டு, உள்ளே காந்தம் உண்டு. அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஓட்டினால் மோட்டார் தானே மணலை உறிஞ்சிக்கொள்ளும். பிரஷ் உரசிக் கரன்ட் கொடுக்கும் கம்யூட்டேட்டர் கீறிப்போகும், பிரஷ்ஷும் தேயும், சத்தம் கரகரக்கும். பிரஷ்லெஸ்ஸில் சுழல்வதே காந்தம் என்பதால் திறந்த உடம்புள்ள மோட்டாராக இருந்தால் இன்னும் மோசம். மெல்லிய நைலான் ஸ்டாக்கிங் துணியை ஒற்றை மடிப்பாக மோட்டாரில் இழுத்துக் கட்டுங்கள். பருத்தித் துணி அடைத்துக்கொண்டு சூட்டைப் பிடித்துவைக்கும். துணி கட்டிய மோட்டாரை எட்டு நிமிஷம் ஓட்டினால் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

பின்சக்கரத்துக்குத் துடுப்பு டயர், முன்சக்கரத்துக்கு வரி டயர் போட்டால் மணலில் வண்டி மிதக்கும், திரும்பும். ஆனால் துடுப்பு மணலை அள்ளி வீசும்போது மோட்டார் இழுக்கும் கரன்ட் ஏறுகிறது. கையேட்டில் இரண்டு பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) கொடுத்திருந்தால் சிறியதைப் போடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகக் குறையும். பினியனின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ரிம்மில் உள்ள ஓட்டைகளை உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டயருக்குள் மணல் சேர்ந்து சக்கரம் ஒருபக்கம் கனத்துக் குலுங்கும்.

பேட்டரிக்கு 7.2 வோல்ட் நிக்கல் பேக் போதும், சூட்டையும் அடியையும் தாங்கும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான் என்றால் கெட்டி உறையுள்ள இரண்டு செல் வாங்குங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் இஎஸ்சி-யில், வோல்ட் குறைந்தால் நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் கிடையாது. செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். 3000 எம்ஏஎச் பேக்கை 3 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம். சித்திரை வெயிலில் பைக் டிக்கிக்குள் வைக்கவும் வேண்டாம். கடல்தண்ணீரில் மூழ்கிய லிப்போவை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. வெள்ளை டாமியா கனெக்டர் பழையதாகித் தளர்ந்தால் உருகும், எக்ஸ்டி60 வகைக் கனெக்டருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டுங்கள். பஞ்சர் கடைக் காற்றை பேரிங்குக்கு நேராகப் பிடித்தால் மணல் சீலைத் தாண்டி உள்ளே போகும். சைக்கிள் பம்ப் போதும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், அப்படியே விட்டால் மறுநாளே ஸ்க்ரூத் தலையில் துரு தெரியும். வெளியில் தெரியும் ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுவது மோட்டார் மாற்றுவதைவிட நல்ல செலவு.

முதல் பத்து ஓட்டத்தைக் கடற்கரையில் வைக்காதீர்கள். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தண்ணீர் வருவதற்கு முன், வைகாசியில், கொள்ளிடத்துப் படுகையில் ஓட்டுங்கள். பருமணல், உப்பில்லை. அறுவடை முடிந்த வயல் வேண்டாம், களிமண் வெடிப்பில் முன்சக்கரம் மாட்டி ஆர்ம் ஒடியும். கடற்கரைக்குப் போகும்போது வலை காயும் இடத்தையும் படகுத் துறையையும் விட்டுத் தள்ளிப் போங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். அந்தி சாய்ந்த பிறகு வண்டியே வேண்டாம், கயிறு கட்டிய கூடுகளின் பக்கமும் போகக் கூடாது. கோடியக்கரை சரணாலயம், அங்கே எந்த மாதத்திலும் கூடாது.

பத்து ஓட்டம் முடிந்ததும் கியர்பாக்ஸைத் திறந்து கொஞ்சம் கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் எந்த இடுக்கில் மணல் நுழைந்தது என்று தேடி அடையுங்கள், இன்னொரு பத்து ஓட்டம் ஓட்டுங்கள். வெண்ணெய்போல் வழுக்கினால் மோட்டாரைப் பரணிலிருந்து இறக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்