போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்: வாசிக்கத் தெரியாதவர்களும் போதிக்கட்டும்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஞானஸ்நான வகுப்புக்குப் பாடப் புத்தகம், வேதபாடத்துக்குக் கேள்வித்தாள், வீட்டுக்கூட்டத்துக்கு அச்சிட்ட குறிப்பு. சீஷராக வளர வேண்டுமென்றால் முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும் என்று நம் சபைகளில் ஆகிவிட்டது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர் தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுகிறார். எத்தனை வருஷ விசுவாசியானாலும் அவரை ஜெபிக்கச் சொல்வோம், போதிக்கச் சொல்ல மாட்டோம். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் நடத்தும் சிறு குழுவில் படிக்கத் தெரியாத ஓர் அம்மா இருக்கிறார். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இயேசு புயலை அடக்கிய சம்பவத்தை ஒருநாள் இரண்டாம் முறையாகச் சொன்னேன். முடித்ததும் அவர் மெதுவாக, "தலையணையை விட்டுட்டீங்களே பிரதர்" என்றார். உண்மைதான். படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து இயேசு தூங்கினார் என்று மாற்கு மட்டும்தான் எழுதுகிறார். முந்தின முறை சொன்னதை அந்த அம்மா அப்படியே மனதில் வைத்திருந்தார். "அவ்வளவு அசதி அவருக்கு. அசந்து தூங்கினவர்தானே எழுந்து கடலை அதட்டுறாரு" என்றும் சொன்னார். இயேசு மெய்யான மனிதர், மெய்யான தேவன் என்று நான் பல தடவை வகுப்பெடுத்திருக்கிறேன். அன்றைக்குப் போல அது யாருக்கும் விளங்கியதில்லை.

வாய்வழியாகச் சொன்னால் வசனம் திரிந்துபோகுமே என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான். அதனால்தான் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வேதாகமத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, சம்பவத்தைக் கூட்டாமல் குறைக்காமல், விளக்கம் கலக்காமல் சொல்ல வேண்டும். அப்புறம் கேட்டவர்களில் ஒருவர் திருப்பிச் சொல்வார். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேள்விகள்: இதில் கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? மனிதர்கள் எப்படி? இந்த வாரம் நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்? இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? பிரசங்கத்தில் நாம் ஒரு வசனத்தைத் தவறாகச் சொன்னால் எழுந்து திருத்த ஆளில்லை. இங்கே குழு முழுவதும் காவல் இருக்கிறது.

வரிசையும் முக்கியம். பிலிப்பைன்ஸின் பலாவான் தீவில் ஊழியம் செய்த ட்ரெவர் மெக்கில்வெய்ன் என்ற மிஷனரி, அங்கே சபையில் சேர்ந்திருந்த பலர் கிருபையையும் தங்கள் கிரியைகளையும் குழப்பிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர்களுக்கு அஸ்திவாரமே போடப்படவில்லை என்று உணர்ந்து, சிருஷ்டிப்பு முதல் கிறிஸ்து வரை சம்பவங்களை வரிசையாகப் போதிக்கத் தொடங்கினார். ஆபிரகாமையும் பஸ்கா ஆட்டுக்குட்டியையும் அறியாதவருக்குச் சிலுவையை எப்படி விளக்குவது? 2004-இல் தாய்லாந்தின் பட்டாயாவில், உலகளாவிய சுவிசேஷ ஊழிய இயக்கமான லோசான் கூட்டிய மன்றத்தில், கேட்டுக் கற்கிறவர்களைச் சீஷராக்குவது பற்றிப் பேச ஒரு தனிக் குழுவே அமர்ந்தது.

சம்பவமாக இல்லாமல் கடிதங்களாக இருக்கிற நிருபங்களை என்ன செய்வது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பட்டணத்தில் நடந்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 16-ஐச் சொல்லுங்கள்: லீதியாள், நடுராத்திரியில் சிறைக்குள் பாட்டு, பவுலின் காயங்களைக் கழுவிய சிறைக்காவலன். அதைக் கேட்டவர்களுக்கு, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வரி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று தெரியும். அந்த நிருபத்தைப் பெற்ற முதல் சபையிலும் பெரும்பாலோர் அதைக் காதால்தான் கேட்டிருப்பார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 1:3-ஐப் பாருங்கள்: "வாசிக்கிறவனும்" என்பது ஒருமை, "கேட்கிறவர்களும்" என்பது பன்மை.

வாசிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்குக் கற்றுக்கொடுப்போம். ஆனால் அதுவரை அவரைக் காக்க வைக்க வேண்டாம். அடுத்த ஞானஸ்நான வகுப்பில் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக, பத்துச் சம்பவங்களை வரிசையாகச் சொல்லவும் ஒரு வழி வையுங்கள். சரியாகச் சொல்கிறவரை வீட்டுக்கூட்டம் நடத்த அனுப்புங்கள்.

ஏதாவது ஒரு ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிஷம் அந்த அம்மாவுக்குக் கொடுங்கள். யவீருவின் மகளை உயிர்ப்பித்த சம்பவத்தை அவர் தயாராக வைத்திருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்