தும்பியின் சிறகைத் தீயில் வைக்காதே

அன்பு நண்பா,

ஜெனீவாவில் அனைவரும் நலம். மாஸ்டருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பிழை திருத்தும் வேலையை மறுபடியும் தொடங்கிவிட்டார். உன் மற்ற கேள்விகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். இன்று என்னை எழுத வைத்தது உன் கடிதத்தின் கடைசி வரி.

வீட்டுக்காரப் பாட்டி உனக்கு விட்டுச்சென்ற பதக்கக் கடிகாரத்தில் (பதக்கம்போல் தொங்கவிடும் கடிகாரம்), அதைத் தாங்கும் ஊசியணியான புரூச்சின் தும்பிச் சிறகில் எனாமல் பெயர்ந்திருப்பதாகவும், நகைக்கடைக்காரர் அதைப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கொடுத்துவிடாதே.

எனாமல் வண்ணப்பூச்சு அன்று, அது கண்ணாடி. நீலத்துக்குக் கோபால்ட்டும் பச்சைக்குச் செம்பும் சேர்த்த கண்ணாடியைப் பொடியாக்கி, பொன்மேல் பரப்பி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்குகிறார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒருமுறை உலைக்குப் போய் வர வேண்டும். பொன்னும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் முழு வேலையும் வெடித்துப்போகும் அபாயம் உண்டு. நீ சொல்லும் சிறகுக்குப் பின்னால் உலோகத் தகடு இல்லாமல் ஒளி ஊடுருவுகிறதென்றால், அது பிளிக்-அ-ஜூர் முறை. தேவாலயச் சாளரத்தைப்போல் மெல்லிய பொற்கம்பிகளுக்கிடையே கண்ணாடி மட்டுமே நிற்கிறது. லிஸ்பனின் குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு நகைக்கலைஞர் ரெனே லாலிக் செய்த தும்பிப் பெண் அணிக்கு இந்தச் சிறகுகள்தாம் உயிர்.

இதை மீண்டும் உலையிலிட்டால் பழைய கண்ணாடியோடு புதியது ஒட்டாமல் இரண்டும் விரிசல் விடலாம். சிறகருகே ஓப்பல் கல் இருந்தால் அதுவும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் மீயொலித் தொட்டியில் கழுவுவதும், தொங்கவிடும் வளையத்தைப் பொடிவைத்து ஊதிப் பற்றவைப்பதும் ஆபத்தே. பெயர்ந்த இடத்தைச் சூடில்லாமல், பின்னர் நீக்கக்கூடிய நிறமேற்றிய பிசினால் நிரப்பும் பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடு. அவரும் மறுத்தால், குறை அப்படியே இருக்கட்டும். எனக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது. வானொலிப்பெட்டிக்கு நேர்ந்த கதியை நான் மறக்கவில்லை, நீ அந்தத் திருப்புளியையும் தொடாதே!

இங்குள்ள பாட்டெக் பிலிப் கடிகார நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் விக்டோரியா அரசியின் பதக்கக் கடிகாரம் இருக்கிறது. 1851இல் லண்டன் கண்காட்சியின்போது அவர் கைக்குப் போன அது, வெளிர்நீல எனாமலில் வைர மலர்கள் பதித்தது. சாவியில்லாமல் மேல்திருகாலேயே முடுக்கக்கூடியது. அதன் முன் நிற்கும்போதெல்லாம், அந்த நீலத்தை உலையிலிருந்து எடுத்தவருடைய நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். உன் தும்பிக்கும் அப்படி ஒருவர் இருந்தார், நண்பா. அவர் பெயர் நமக்குக் கிடைக்காமற்போகலாம், ஆனால் அவர் கையால் சிவந்து உருகிய கண்ணாடி உன் மேசையில் இருக்கிறது. அதன்மேல் வேறொருவர் அவசரமாகக் கைவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடிகாரத்தின் முதுகு மூடியை நீ திறக்க வேண்டாம். வெளியே வளையத்தருகே மட்டும் உருப்பெருக்கியால் பார்: கழுகுத் தலை முத்திரை இருந்தால் பிரான்சில் செய்த 18 காரட் பொன்னாக இருக்கலாம், ஆந்தை இருந்தால் பெரும்பாலும் 1893க்குப் பின் வெளிநாட்டிலிருந்து பிரான்சுக்குள் வந்தது, ஒருவேளை இந்த ஊரிலிருந்தே. எது என்று எழுது, சிறகின் படத்தையும் அனுப்பு. அதுவரை மென்துணியில் சுற்றித் தனிப்பெட்டியில் வை, சாவி கொடுக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்