கராஜுக்கு ஒன்று, வாசலுக்கு வேறு

அன்புள்ள சேகர்,

கனடாவில், பிராம்ப்டன் வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்குப் படியேறாமல் கீழேயே அறை கிடைத்தது பெரிய விஷயம்.

கராஜ் தரைக்குப் புதிதாகப் பூச்சுப் போட வழி கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயர் நிற்கிற நாலு இடத்தில் மட்டும் தரைப் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்திருக்கிறதே, அது பழசானதால் வந்ததில்லை. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். நின்ற இடத்தில் ஆறிச் சுருங்கும்போது அடியில் இருப்பதையும் பிடித்து இழுக்கும். பிடிமானம் இல்லாத மெல்லிய பூச்சு அதோடு கிளம்பி வந்துவிடும்.

உரிந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பார். அடியில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் பூச்சு பிடித்துத்தான் இருந்தது, கான்கிரீட்டின் பலவீனமான மேல்தோல் பிய்ந்துவிட்டது. வழவழவென்று சுத்தமாக இருந்தால் அது ஒருநாளும் ஒட்டவே இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தரையைத் தேய்த்தெடுக்கும் கிரைண்டர்.

தேய்ப்பதற்குப் பதில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதாதா என்று கேட்டிருந்தாய். பழைய பூச்சு இருக்கிற இடத்திலும் எண்ணெய் ஊறின இடத்திலும் ஆசிட் கான்கிரீட்டைத் தொடவே தொடாது. கழுவின தண்ணீர் தரைக்குள் இறங்கி உலர நாளாகும் என்பது அதற்கு மேல் தொல்லை. 30 கிரிட் வைரப் பல் வைத்த தரைக் கிரைண்டரை வாடகைக்கு எடு. சுவரோரத்துக்குத் தூசி உறை போட்ட 7 அங்குலக் கைக்கிரைண்டர் வேண்டும். முடித்த பிறகு தரையைத் தடவினால் 80 நம்பர் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்க வேண்டும். இரண்டிலும் வாக்குவம் மாட்டாமல் ஓட்டாதே. அந்தத் தூசி சிலிக்கா, நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. துணி மாஸ்க் உதவாது, ஃபில்டர் மாட்டுகிற ரப்பர் மாஸ்க்கே போடு.

தேய்த்த தரையில் நாலைந்து இடத்தில் தண்ணீர் சொட்டு விடு. உறிஞ்சிக் கறுத்தால் சரி. முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ பழைய சீலரோ (ஈரம் புகாமல் தடுக்கப் போடுவது) இன்னும் இருக்கிறது. பிறகு 18 அங்குலச் சதுரமான பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு (16 மணி நேரமாவது வேண்டும்). தாளின் அடியில் வியர்த்தாலோ தரை கறுத்தாலோ ஈரம் கீழிருந்து ஏறுகிறது. அப்படியானால் சாதாரண எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின் பூச்சு) கொப்பளிக்கும். ஈரம் தாங்கும் எபாக்ஸி பிரைமர், அதாவது அடிப்பூச்சு, முதலில் போக வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். உன் கராஜ் 20க்கு 20, 400 சதுர அடி. கடையில் பெட்டியாக விற்கும் தண்ணீர் கலந்த எபாக்ஸி காய்ந்த பின் ஒரு தலைமுடிப் பருமன்தான் மிஞ்சும். முன்பிருந்தவர் பூசியது அதுவாகத்தான் இருக்கும். கரைப்பான் கலக்காத எபாக்ஸியைக் கால் மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்டால் சுமார் 9.3 லிட்டர் ஆகும், 11 வாங்கிக்கொள். இரண்டு பாகத்தையும் டப்பாவில் எழுதியிருக்கும் விகிதப்படி அளந்து ஊற்று, கண்ணளவு கூடாது. டிரில்லில் கலக்கியை மாட்டி மூன்று நிமிடம், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கு. கலந்தவுடன் தரையில் நீளக் கோடாக மொத்தத்தையும் கொட்டிவிடு. வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து, இருபது நிமிடத்தில் புகை விட்டுக் கல்லாகிவிடும். கடைசியில் வாளியைச் சுரண்டித் தரையில் ஊற்றாதே. சரியாகக் கலக்காத பிசின் அதில்தான் இருக்கும், அந்த இடம் என்றைக்கும் பிசுபிசுக்கும்.

ஒன்டாரியோவில் ஜூன் மாதத்தை நம்பாதே. தரை இன்னும் குளிர்ந்திருக்கும், ஈரக்காற்று உள்ளே வந்ததும் வியர்க்கும். தரையின் சூடு பனிபடு நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். செப்டம்பர் தொடக்கம் தோது. அதிலும் காலையில் பூசாதே. வெயில் ஏற ஏறக் கான்கிரீட் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் ஊசித் துளையாகக் கிளம்பும். மதியத்துக்கு மேல், சூடு இறங்கும் நேரத்தில் போடு.

எபாக்ஸி ஈரமாக இருக்கும்போதே அழகுக்குத் தூவும் வண்ணச் சில்லுகள், முழுக்க மூட 27 கிலோ வேண்டும். கோலமாவு மாதிரி குனிந்து விடாதே, அட்சதை போடுவது மாதிரி மேலே வீசு, பரவலாக விழும். மறுநாள் ஒட்டாததைப் பெருக்கி, நிமிர்ந்து நிற்பதைச் சுரண்டி, வாக்குவம் போட்டு, மேலே பாலியாஸ்பார்ட்டிக் என்ற மேல்பூச்சைப் பூசு. கதவோரம் வெயில் பட்டால் எபாக்ஸி மஞ்சளாகும், இது ஆகாது. ஆனால் சீக்கிரம் இறுகும், இரண்டு பேர் இல்லாமல் தொடாதே. வழுக்காமலிருக்க அதிலேயே அலுமினியம் ஆக்சைடு பொடி கலந்துகொள். அம்மா அந்த வழியாகத்தானே வருவார்கள்? வெடிப்பை முதலிலேயே அடைத்துவிடலாம். சுவரோடு சேரும் இடைவெளியை மட்டும் இறுக்கமாக அடைக்காதே, அது அசைகிற இடம்.

டிரைவ்வேக்கும் (வாசலில் கார் ஏறி வரும் கான்கிரீட் பாதை) இதையே பூசலாமா என்றாய். கூடவே கூடாது. வெளியே படலமாக நிற்கும் எதுவும் அடியிலிருந்து வரும் ஈரத்தை அடைக்கும், குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளும். மழையில் வழுக்கவும் செய்யும். அங்கே வேண்டியது படலமாக நிற்காமல் கான்கிரீட்டுக்குள்ளே இறங்கித் தண்ணீரைத் தள்ளும் சைலேன் என்ற ரசாயனச் சீலர், 40 சதவீதம் கலந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தண்ணீரையும் உப்பையும் உள்ளே விடாது. கழுவி இரண்டு நாள் உலரவிட்டு, கைப்பம்பு ஸ்பிரேயரால் தாழ்வான பக்கத்திலிருந்து மேலேறி அடி. 600 சதுர அடிக்குச் சுமார் 15 லிட்டர். தேங்கியதை உருளையால் பரப்பு. ஜன்னல் கண்ணாடியையும் காரையும் மூடி வை.

உன் தெருவில் தார் போட்ட வாசல்கள் இருக்கும், கறுப்புச் சீலர் வாளியோடு கதவைத் தட்டுவார்கள். அது தாருக்கு உரியது, உன் கான்கிரீட்டுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடு. குளிர்காலத்தில் பனி வழுக்காமலிருக்க உப்புக்குப் பதில் மணல் தூவு. அம்மோனியம் கலந்த பனியுருக்கி மட்டும் வேண்டவே வேண்டாம், கான்கிரீட்டையே தின்னும்.

உரிந்த சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுது. பாலிதீன் தாள் என்ன சொல்கிறது என்றும் தெரிந்த பிறகு பிரைமரை முடிவு செய்யலாம், அதுவரை எதையும் வாங்காதே. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரவி